செபஸ்தியாரின் படி

மக்தலேனா ஒழுங்கை வீடுகளுக்குள் யாரும் ஏறிப் போவதில்லை. இறங்கித்தான் போக வேண்டும். ஒரு காலத்தில் கொட்டாஞ்சேனையின் மற்ற ஒழுங்கைகளைப் போல இங்கேயும் வாசலுக்கு இரண்டு படி ஏற வேண்டியிருந்தது. தார்க் காப்பெட் போட வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் பழைய தெருவைக் கிண்டி எடுக்கச் சோம்பல்பட்டு, அதன் மேலேயே புதியதைக் கொட்டி உருட்டிவிட்டுப் போனார்கள். முதலில் கீழ்ப்படி புதைந்தது. பிறகு மேற்படி. பிறகு வாசலே தெருவுக்குக் கீழே போய்விட்டது. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க ஆட்கள் கதவடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டிச் சுவர் கட்டிக்கொண்டார்கள். தெருவை உயர்த்தியவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. சுவரைத் தாண்டிக் கால் வைக்கத் தெரியாத விருந்தாளிகளுக்குப் பல் உடைந்தது.

இந்தத் தடவை அப்படி நடக்காது என்று மாநகர சபை சொல்லியிருந்தது. முறையாக அளந்து, முறையாக வரைந்து, பழைய தெருவை முழுக்கத் தோண்டி எடுத்து, வாசல்களுக்குக் கீழே புதுத் தெருவும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடக் கானும் வரும் என்று மண்டபத்தில் கூட்டம் வைத்துச் சொன்னார்கள். சனம் கை தட்டியது. அளவை வேலையும் வரைபடமும் வெள்ளவத்தையிலுள்ள ஒரு நிறுவனத்துக்குப் போயின. வரைபடம் முடிந்த பிறகு வேலை தொடங்க இரண்டு வருசம் எடுத்தது. அந்த இரண்டு வருசத்துக்குள்தான் விசயம் கெட்டது.

சாருஜா அந்த நிறுவனத்தில் சேர்ந்தபோது வரைபடம் பழசாகிவிட்டிருந்தது. வேலைத்தளத்தில் நின்று, வரைந்தபடி நடக்கிறதா என்று பார்ப்பதுதான் அவளுக்குத் தந்த பொறுப்பு. தோண்டினார்கள், கான் கட்டினார்கள், கல்லும் தூளும் கலந்து அடித்தளம் போட்டு உருட்டினார்கள். வியாழக்கிழமை காப்பெட் போட்டால் வேலை முடிந்தது. செவ்வாய்க்கிழமை காலை கொன்ஸ்ரன்ஸ் அவளைக் கூப்பிட்டாள்.

கொன்ஸ்ரன்ஸ் ஒழுங்கையின் பள்ளத்தில், கடைசி வீட்டில் இருப்பவள். முன் அறையில் இடியப்பம் அவித்து மட்டக்குளி வரை கடைகளுக்குப் போடுகிறாள். அறை முழுக்க மாவு வாளிகள், தட்டுகள், ஆவி.

"மிஸ், உங்க புதுக் கானுக்கு என் வீட்டுத் தண்ணிய புடிக்கலையாம்" என்றாள்.

"ஏன் அன்ரி?"

"வந்து பாருங்க. டிக்கட் எடுக்கத் தேவையில்லை."

சாருஜா குட்டிச் சுவரைத் தாண்டி இறங்கினாள். கொன்ஸ்ரன்ஸ் ஒரு வாளித் தண்ணீரை மூலையிலிருந்த ஓட்டையில் ஊற்றினாள். தண்ணீர் குழாய்க்குள் போனது, கொஞ்சம் யோசித்தது, நேற்றைய புளித்த மாவுக் கழுவலையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. வாளிகளுக்குக் கீழே பரவியது.

"பார்த்தீங்களா. போயி, வீட்ல யாருமில்லைன்னு திரும்பி வந்துருச்சு. இது ஒரு வாளி. மழை வந்தா?"

சாருஜா வெளியே வந்து கானுக்குள் குனிந்து பார்த்தாள். வீட்டுக் குழாயின் வாய் கானின் தரைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். அது கொங்கிறீட்டுக்குள் பாதி புதைந்து கிடந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்தாள். அதில் கொன்ஸ்ரன்ஸின் வாசல் தெருவை விட உயரம். கண்ணால் பார்த்தால், காப்பெட் போடுமுன்பே வாசல் தாழ்வு.

மட்டம் பார்க்கும் ரிப்கானைக் கூப்பிட்டாள். அவன் மூன்று காலில் கருவியை நிறுத்தி, ஒழுங்கை முழுக்க மறுபடியும் பார்த்தான்.

"எல்லாம் சரி மிஸ். ப்ளான்ல ஈக்கிற மாதிரியே ஈக்கி."

"சரியெண்டா தண்ணி ஏன் திரும்பி வருது?"

"அத தண்ணிட்ட தான் கேக்கோணும்."

தெருவின் உயரம் பார்க்க, அசையாத ஒரு புள்ளி வேண்டும். அந்தப் புள்ளியின் உயரம் தெரிந்தால், அதிலிருந்து மற்ற எல்லாவற்றையும் அளந்துவிடலாம். புள்ளி பிழைத்தால் எல்லாம் பிழைக்கும், அதுவும் அழகாக, ஒன்றுக்கொன்று பொருந்தியபடி பிழைக்கும். முதலில் அளந்தவர்கள் அந்தப் புள்ளியை ஒழுங்கை முனையில், கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் புனித செபஸ்தியார் சிலையின் படியில் வைத்திருந்தார்கள். வரைபடத்தில் 'சிலைப் படி' என்று எழுதி, பக்கத்தில் உயரமும் குறித்திருந்தார்கள். குறை சொல்ல முடியாது. வீடு இடிபடும், மதில் சாயும், மின்கம்பம் மாறும். கொட்டாஞ்சேனையில் ஒரு புனிதரை யாரும் அசைக்க மாட்டார்கள்.

சாருஜா சிலையடிக்கு நடந்தாள். படி கறுப்புக் கிரனைட். முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. அந்த ஒழுங்கையில் அதைப்போல் புதியது வேறு எதுவுமில்லை. அதைத் தினமும் கடந்துதான் அவள் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் ஒஸ்வால்ட் இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், திருநாள் குழுத் தலைவர்.

"அங்கிள், இந்தக் கல் எப்ப போட்டது?"

"போன தை மாசம், இவர் திருநாளுக்கு. எப்பிடி, ஷோக்கா இருக்கா? மிலான்ல இருக்கிற என் தங்கச்சி ஐறீனோட உபயம்."

"பழைய படியை உடைச்சிட்டோ இதைப் போட்டனீங்கள்?"

"என்னா பேச்சு மிஸ் இது. புனிதர் நின்ன படிய உடைப்பமா? அதுக்கு மேல ஒரு வரி கல்லு கட்டி, அதுக்கு மேலதான் கிரனைட்டு. அதுக்கு முந்தின மழையில தண்ணி ஏறி அவர் காலைத் தொட்டுருச்சு. ரோட்ட ஏத்தி ஏத்தி அவரையும் பள்ளத்துல விட்டுட்டாங்க. பாத்துட்டு சும்மா இருக்க ஏலுமா? உயர்த்தினோம்."

சாருஜா ரிப்கானைக் கருவியோடு வரச் சொன்னாள்.

பிரதான வீதியில், ஒரு பழைய கட்டடத்தின் சுவரில் நில அளவைத் திணைக்களம் உயரம் குறித்து வெட்டி வைத்த மட்டக்குறி இருந்தது. அன்று பின்னேரம் அவளும் ரிப்கானும் அங்கிருந்து முச்சக்கர வண்டிகளுக்கிடையில் புகுந்து புகுந்து மட்டத்தைக் கொண்டுவந்து சிலைப் படியில் முடித்தார்கள். வரைபடத்தில் எழுதியிருந்த உயரத்துக்கும் படியின் உண்மையான உயரத்துக்கும் அரை அடி வித்தியாசம்.

ரிப்கான் கானின் ஓரத்தில் குந்திவிட்டான்.

"நான் படியில தானே மிஸ் அளவுச் சட்டத்த வெச்ச."

"உங்களுக்கு ஆர் சொன்னது படிக்கு மேல படி கட்டினது எண்டு?"

"யாரும் செல்லாட்டியும் எனக்கு கண்ணு ஈக்கி தானே. புதுக் கல்லுன்டு பாத்தேன். வடிவா ஈக்கின்டு நெனச்சேன். அவ்வளவுதான்."

தானும் அவ்வளவுதான் நினைத்திருந்ததைச் சாருஜா சொல்லவில்லை. கணக்கு வெறுப்பேற்றுகிற அளவுக்குச் சுலபமாக இருந்தது. படி அரை அடி உயர்ந்திருந்தது, தாளில் இருந்தது பழைய உயரம், ஆகவே அதிலிருந்து குறித்த தெருவும் கானும் அரை அடி உயர்ந்தன. பழைய தெருவைத் தோண்டி எடுத்துவிட்டு, புதுத் தெருவை அதே உயரத்தில், இந்தத் தடவை கொங்கிறீட்டுக் கானோடு, இனி யாரும் அசைக்க முடியாதபடி வைக்கப் போகிறார்கள். தெரு உயர்ந்ததால் புனிதர் உயர்ந்தார். புனிதர் உயர்ந்ததால் தெரு உயர்ந்தது. நடுவில் வீடுகளை உயர்த்த ஒருவரும் இல்லை.

புதன்கிழமை காலை வெள்ளவத்தை அலுவலகத்தில் கிருஷ்ணராஜ் அவளுடைய அளவுகளைப் பார்த்தார். நிறுவனம் அவருடையது. மேசைக்குப் பின்னால் கடல் தெரியும் யன்னல். பார்த்து முடித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிழை என்று அவருக்கு விளங்கிவிட்டது. சாருஜாவை முதலில் எரிச்சல்படுத்தியது அதுதான். விளங்காத மனுசன் என்றால் விளங்கப்படுத்தலாம்.

"இரும் பிள்ளை. ரீ குடிக்கிறீரோ?"

"வேண்டாம் சேர். நாளைக்குக் காப்பெட் வேலையை நிப்பாட்டச் சொல்லோணும்."

"நிப்பாட்டி?"

"அடித்தளத்தைக் கிண்டோணும். கானை உடைச்சுக் கட்டோணும்."

"ஆர் கட்டுறது? நானோ?"

"பிழை எங்கட தானே."

"எங்கட பிழையோ? ஆரைக் கேட்டு அவங்கள் படியை உயர்த்தினவங்கள்? அளவைக் குறிக்கு மேல கல்லுக் கட்டினது அவங்கள். அப்பிடித்தான் நான் சபைக்கு எழுதுவன்."

"அது குறி எண்டு அவைக்கு ஒருத்தரும் சொல்லேல்லை சேர். வேலை துவங்கேக்க அந்தக் குறியைத் திருப்பிப் பாத்திருக்க வேண்டியது நாங்கள்."

கிருஷ்ணராஜ் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கவலைகளைக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு.

"நீர் சொல்லுறது விளங்குது. ஆனா யோசியும். அந்தச் சனம் எவ்வளவு காலமா அப்பிடி இருக்குது? வாசல்ல ஒரு கட்டு கட்டியிருக்கினம். இன்னும் ஒரு கல்லு வைக்கச் சொல்லும். வேணுமெண்டா சீமெந்து நாங்கள் குடுப்பம். கான் உயரமாப் போனா வீட்டுக்குள்ள ஒரு குழியைத் தோண்டி பம்ப் ஒண்டு வைக்கலாம்."

"உங்கட வீட்டில வைப்பீங்களோ சேர்?"

கிருஷ்ணராஜின் வீடு வசதியானவர்கள் இருக்கும் ஹெவ்லொக் டவுனில். அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டார்.

"இன்னொண்டும் யோசியும். படி விசயத்தைக் கிளப்பினா, சபை முதல்ல கேக்கப் போறது அந்தச் சிலை தெருக் காணியில ஏன் நிக்குது எண்டு. அது அத்துமீறிக் கட்டினது. இடிக்கச் சொல்லி ஓடர் வரும். நீரே போய் அந்தச் சனத்திட்டச் சொல்லும், உங்கட கானுக்காக உங்கட சாமியை உடைக்கப் போறம் எண்டு. என்ன சொல்லுதுகள் எண்டு பாப்பம்."

சாருஜா எழும்பினாள்.

"சரி சேர். போய்ச் சொல்லுறன்."

அவள் பகிடி விடுகிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

புறக்கோட்டையில் பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேரும் வரைக்கும் அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. பிழை விட்டதற்கல்ல. பிழை எல்லோரும் விடுகிறார்கள். ஒரு பிழையைத் தூக்கி யாருடைய வாசலில் வைக்கலாம் என்று பார்க்கிறபோது, எப்போதும் தாழ்வாக இருக்கிற வாசலையே கண்டுபிடிக்கிற அந்தக் கண் இருக்கிறதே, அதற்குத்தான்.

கொன்ஸ்ரன்ஸின் முன் அறையில் ஒழுங்கைக்காரர் கொஞ்சப் பேர் கூடினார்கள். சாருஜா ஒன்றையும் மறைக்கவில்லை. படியைச் சொன்னாள், அரை அடியைச் சொன்னாள், நாளைக்குக் காப்பெட் விழுந்தால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்றாள், கிருஷ்ணராஜ் சிலையைப் பற்றிச் சொன்னதையும் சொன்னாள்.

முதலில் கொதித்தது ஒஸ்வால்ட்.

"அப்ப புனிதர் மேலதான் பழியா?"

"இல்லை அங்கிள். பழி எங்கட. பாக்காம விட்டது நாங்கள்."

"நீங்க இங்க வந்து எங்ககிட்ட சொல்றீங்க, நாளைக்கு அங்க போய் அவங்ககிட்ட வேற சொல்வீங்க. உங்க ஆளுங்க எல்லாம் இப்பிடித்தான். வெள்ளவத்தைக்கும் எங்களுக்கும் என்னா சம்பந்தம்? தங்கச்சி மிலான்ல கிழவிங்களைக் குளிப்பாட்டிக் கழுவி அனுப்பின காசுல போட்ட கல்லு மிஸ் அது. இடிக்கணும்னு யாராவது வரட்டும், பாத்துக்கிறேன்."

"கல்லுக்கு இப்ப என்னா வந்திச்சு?" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். அவள் அடுப்படியில் நின்று தட்டுகளை அடுக்கிக்கொண்டே பேசினாள். "நான் ஒண்ணு கேக்கிறேன் ஒஸ்வால்ட். தண்ணி அவர் காலைத் தொட்ட அன்னைக்கு என் வீட்ல எது வரைக்கும் இருந்திச்சு?"

அவர் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"கட்டில் வரைக்கும். பத்து வாளி மாவு போச்சு. யாராவது என்னைய தூக்கி ஒரு வரி கல்லு மேல வெச்சீங்களா? அவரைத் தூக்கினீங்க. நானும்தான் மெழுகுதிரி கொண்டு வந்து கொளுத்தினேன். வெட்கமா இருக்கு இப்ப நெனச்சா."

"அன்ரி, நாளைக்கு சபை எஞ்சினியர் வருவார். நான் அவரிட்ட நேரே சொல்லுவன்" என்றாள் சாருஜா.

"அவர் வர்றப்போ காப்பெட் விழுந்து முடிஞ்சிருக்கும் மிஸ். இவ்வளவு படிச்சும் இது தெரியாதா உங்களுக்கு?" கொன்ஸ்ரன்ஸ் கையைத் துடைத்தாள். "செபஸ்தியார் நிக்கிறது ரோட்டுக் காணின்னு தானே சொல்றாங்க? அப்ப ரோட்டுலயே நிக்கட்டும்."

வியாழக்கிழமை காலை காப்பெட் ஏற்றிய டிப்பர் பின்னோக்கி ஒழுங்கை முனைக்கு வந்தபோது, உருட்டி முடித்த அடித்தளத்தின் நடுவில் ஒரு மேசை இருந்தது. மேசையில் வெள்ளைத் துணி. துணிமேல், அம்புகள் தைத்த உடம்போடு செபஸ்தியார். சுற்றி இடியப்பத் தட்டுகளைக் கவிழ்த்து அதன்மேல் மெழுகுதிரிகள். கண்ணாடிப் பெட்டி வெறுமையாகத் திறந்து கிடந்தது, பக்கத்தில் ஒஸ்வால்ட் தன் கதிரையில் இருந்தார்.

காப்பெட் புகைந்தது. சூடாக இருக்கும்போதே அதைக் கொட்டி உருட்ட வேண்டும். ஆறினால் குப்பை. ரோலர் ஓட்டுகிறவன் வத்தளைப் பக்கத்து ஆள். இறங்கி வந்தான், தொப்பியைக் கழற்றினான், சிலுவை போட்டுக்கொண்டான், திரும்பிப் போய் ரோலரை நிறுத்தினான். தள்ளிப் போகச் சொல்லி கொன்ஸ்ரன்ஸை ஒருவரும் கேட்கவில்லை. அவள் மேசைக்குப் பக்கத்தில் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணராஜ் வந்தார். பின்னால் சபை எஞ்சினியர் வந்தார், களைத்த முகத்தோடு ஒரு நடுத்தர வயது மனிதர். சாருஜா அவரிடம் சிங்களத்தில் சொன்னாள். கிருஷ்ணராஜ் அதே விசயத்தை ஆங்கிலத்தில் வேறு மாதிரிச் சொன்னார். பிரதான வீதிக் குறி தண்ணீர்க் குழாய் வேலையின்போது அசைந்துவிட்டது, அதை நம்ப முடியாது. படி எப்போதும் இந்த உயரத்தில்தான் இருந்தது. இந்தப் பிள்ளைக்கு அனுபவம் போதாது.

படியை உயர்த்தினார்கள் என்று நேற்றுக் குற்றம் சொன்ன அதே வாய். சாருஜா அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"பழைய குறி எங்கே?" என்று சபை எஞ்சினியர் கேட்டார்.

"கல்லுக்குக் கீழே" என்றாள் சாருஜா.

அவர் டிப்பரைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். கண்டால் யோசிக்கலாம், காணாததை வைத்து வேலையை நிறுத்த முடியாது என்றார். அதை ரிப்கான் தமிழில் சொன்னான். ஒஸ்வால்டின் பக்கம் திரும்பிச் சொல்ல வேண்டிய தேவை அவனுக்கு இருக்கவில்லை. ஆனாலும் திரும்பித்தான் சொன்னான்.

ஒஸ்வால்ட் எழும்பினார். வேலைக்காரன் ஒருவனிடமிருந்து சுத்தியலையும் உளியையும் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"யாரும் தொட வேணாம். என் தங்கச்சி போட்டது. நானே எடுக்கிறேன்."

முதல் அடிக்கு கிரனைட் உடையவில்லை. அவர் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். சபைக்கு ஒன்று, வெள்ளவத்தைக்கு ஒன்று, தெரு போட்ட அப்பன்மாருக்கு ஒன்று. ஐறீனின் பெயர் பொறித்த துண்டு இரண்டாக விழுந்தபோது மட்டும் அவற்றைக் குனிந்து எடுத்து ஓரமாக வைத்தார், பிறகு தொடர்ந்தார். கிரனைட் போனது. அதற்குக் கீழே சீமெந்துக் கல் வரி போனது. பழைய படி வெளியே வந்தது, மெழுகு ஊறிக் கறுத்துப்போன படி. கொன்ஸ்ரன்ஸ் தன் சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்தாள். சிவப்புப் பூச்சில் ஒரு முக்கோணம், நடுவில் ஆணி, முதலில் அளந்தவர்கள் வைத்த குறி.

சபை எஞ்சினியர் குந்தினார். ரிப்கான் ஆணியில் அளவுச் சட்டத்தை நிமிர்த்திப் பிடித்தான். சாருஜா கருவிக்குள் பார்த்து, தானே வாசிக்காமல், சபை எஞ்சினியரை வந்து பார்க்கச் சொன்னாள். அவர் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். உடைந்த கல் வரியின் உயரத்தைச் சாணால் அளந்தார். பிறகு கொன்ஸ்ரன்ஸின் வீட்டு வாசலுக்குப் போய், ஒருவரும் கேட்காமலேயே, குட்டிச் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கி, கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். சப்பாத்து நனைந்திருந்தது.

டிப்பரை வேறு வேலைக்குத் திருப்பச் சொன்னார். இங்கே கிண்ட வேண்டும் என்றார். யாருடைய செலவில் என்பது பிறகு பேசப்படும் என்றார். சிலை தெருக் காணியில் நிற்பதைப் பற்றிக் கிருஷ்ணராஜ் தொடங்கியபோது, எந்தச் சிலை என்று சபை எஞ்சினியர் கேட்டார். கண்ணாடிப் பெட்டி வெறுமையாகத்தான் இருந்தது.

கிருஷ்ணராஜ் காரில் ஏறுமுன் சாருஜாவுக்குப் பக்கத்தில் வந்தார்.

"நாளைக்கு ஒஃபிசுக்கு வரத் தேவையில்லை."

"ஓம் சேர். தெரியும்."

"உமக்கு என்ன கிடைச்சுது இதில?"

கிடைக்க வேண்டும் என்று அவர் நினைப்பதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஒருவரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. ஒஸ்வால்ட் உடைந்த கிரனைட்டை ஒரு சாக்கில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு, அவளைப் பாராமல் வீட்டுக்குள் போய்விட்டார். மிலானுக்கு அவர் என்ன சொல்லப் போகிறாரோ. கிண்ட எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. கிண்டுவதற்கு முன் மழை வந்தால், இன்னுமொரு தடவை எல்லார் வீட்டிலும் தண்ணீர்தான்.

பின்னேரம் செபஸ்தியாரைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்கள். பழைய படியில் வைத்ததும் அரை அடி தாழ்ந்து போனார். கண்ணாடிக் கதவின் கீழ்ச் சட்டம் அவருடைய கால்களை மறைத்தது. கீழே இரண்டு கல்லாவது வைப்போம், மழைக்கு முன் என்று பின்னால் நின்ற யாரோ சொன்னார்கள்.

"ஒண்ணும் வைக்க வேணாம்" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "எங்க வீட்டுக்குள்ள வர்ற தண்ணி அவர் காலுக்கும் வரட்டும். அப்பத்தான் இவனுங்க கிண்ட வருவானுங்க."

பிறகு சாருஜாவின் பக்கம் திரும்பினாள்.

"மகள், நீங்க நிக்கிறீங்களா போறீங்களா? நிக்கிறதுன்னா வாங்க, மாவு வாளியெல்லாம் கட்டில் மேல ஏத்தணும்."

சாருஜா குட்டிச் சுவரைத் தாண்டி இறங்கினாள்.